படகுக்காரியின் பல் சந்து

பிப்ரவரி 3, திங்கள்

இன்றைக்கு லேபில் செய்தது மூன்று கடைவாய்ப்பல் உறை, ஒரு முழு பல் செட். முழு செட்டுக்காரர், பழைய செட்டை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறாராம். நாய்க்குப் பொருந்தியதா என்று யாராவது கேட்டார்களா தெரியவில்லை.

மத்தியானம் டப்பாவைத் திறக்கும்போது அக்காவின் போன். எடுத்ததுமே கத்தல். "ஏய், உக்காந்திருக்கியா? முதல்ல உக்காரு. பனித்துறையைப் படமா எடுக்கப் போறாங்கடி!" உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்று நானும் கத்திவிட்டேன். எங்கள் லேபில் பல் அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றுகிறவர் (எல்லாருக்கும் அவர் மாவு அண்ணன்) கிண்ணத்தைப் போட்டுவிட்டு யாருக்கு என்ன ஆச்சு என்று ஓடி வந்தார்.

படம்! பனித்துறை படம்! பதினோரு வருஷமாக ஒரே அரங்கத்தில் ஓடுகிற எங்கள் இசை நாடகம். நானும் அக்காவும் அதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம் என்று வீட்டு ஆண்களிடம் சொல்வதில்லை. கேட்டால் பாதியைச் சொல்வோம்.

அடுத்த மூச்சில் அக்காவின் குரல் தொப்பென்று இறங்கியது. "படகுக்காரியா யாரைப் போட்டிருக்காங்க தெரியுமா? ஷாம்புவை."

அதுதான், விளம்பரத்தில் தலைமுடியைச் சிலுப்புகிறாளே, அவள். இப்போது பற்பசை விளம்பரத்திலும் வருகிறாள். சோளக்கதிர் மாதிரி ஒரே வரிசையான பல். படகுக்காரிக்கு முன்பல் நடுவில் சந்து வேண்டாமா? சந்து இல்லாமல் எப்படி விசில் அடிப்பாள்? தலைமுடியாலா?

பிப்ரவரி 4, செவ்வாய்

சாப்பிடும்போது இவர் கேட்டார். "அந்த விசில் கதையை ஒரு தடவை ஒழுங்காச் சொல்லேன். நான்தான் தூங்கிட்டேனே." கல்யாணமான புதிதில் கூட்டிக்கொண்டு போனேன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷன், குளிர்ந்த இருட்டில் உட்காரவைத்தால் தூங்காமல் என்ன செய்வார்?

சொன்னேன். ஆற்றில் படகு ஓட்டுகிற ஒருத்தி. பனி இறங்கினால் கரை தெரியாது. பல் சந்து வழியாக விசில் அடிப்பாள். அக்கரையில் நிற்கிறவர்கள் பதில் விசில் அடிப்பார்கள். சத்தம் வந்த பக்கம் துடுப்புப் போடுவாள். முதல் பாதி முடிகிற இடத்தில் மேடை முழுக்கப் பனி, அவள் நடு ஆற்றில், விசில் அடிக்கிறாள். பதில் வரக்கூடாது, அவள் தனியாகப் பாடவேண்டும் என்றுதான் நாடகத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் முதல் வருஷம் ஒருநாள் மாடி வரிசையிலிருந்து யாரோ மனசு பொறுக்காமல் பதில் விசில் அடித்துவிட்டார்கள். மறுவாரம் நாலு பேர். இப்போது அரங்கமே அடிக்கும். அது அடங்கியபிறகுதான் அவள் பாட்டை எடுப்பாள். நாங்கள்தான் அக்கரை. எங்கள் ரசிகர் கூட்டத்துக்குப் பெயரே அக்கரைக்காரர்கள்.

"முதல்ல அடிச்சது உங்க அக்காதானே?"

"அவ அப்படித்தான் சொல்றா."

அக்கா டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். ரெண்டு விரலை வாயில் வைத்து அடித்தாள் என்றால் தெருமுனை லாரி பிரேக் போடும். அவளாகத்தான் இருக்கும். இருந்தாலும் அவளிடம் ஒப்புக்கொள்ளக்கூடாது, தலைக்கு மேல் ஏறிவிடுவாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அக்கரைக்காரர்கள் குழுவில் ரணகளம். "எங்க படகுக்காரியை விட்டுட்டு இவளா?" "பாட்டை வேற யாராவது பாடுவாங்க, இவ வாயசைப்பா." "விசிலையும் குக்கர் அடிக்கும்." மேடையில் பதினோரு வருஷமாக ஆடிப்பாடுகிற எங்கள் படகுக்காரியைத்தான் படக்காரர்கள் முதலில் கேட்டிருக்கிறார்கள், முட்டி வலி, ஆற்றுத் தண்ணீரில் நிற்கமுடியாது என்று அவரே சொல்லிவிட்டாராம். அதை யாரும் காதில் வாங்குவதாக இல்லை.

நானும் சும்மா இருந்தேனா? "பற்பசைக்கு வாயைத் திறந்தால் போதும், பாட்டுக்குத் தொண்டையையும் திறக்கவேண்டும்" என்று போட்டேன். சிரிப்பு மேல் சிரிப்பு. அக்கா போன் பண்ணி, "என் தங்கச்சிடி நீ" என்றாள். இன்று முழுக்க மிதக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

எழுதலாமா கூடாதா? எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். டைரி வாயைத் திறக்காது. இவர் படிக்கமாட்டார். கரண்ட் பில்லையே நான்தான் படித்துச் சொல்லவேண்டும்.

எங்களுக்கு வேலை அனுப்புகிற பல் டாக்டரம்மா நேராக லேபுக்கே வந்தார். எப்போதும் ஆள் மூலம் அனுப்புகிற அச்சைக் கையில் எடுத்துக்கொண்டு. கதவைச் சாத்தச் சொன்னார். "ஒரு சினிமா வேலை. முன்பல் மேல மாட்டிக் கழட்டுற மாதிரி மெல்லிசா ஒரு உறை வேணும். பல்லைவிடக் கொஞ்சம் கீழே நீட்டி, நடுவுல சந்து விடணும். அது வழியா விசில் அடிப்பாங்க. படம் வர்ற வரைக்கும் வெளிய மூச்சு விடக்கூடாது. உங்க வீட்டுலகூட."

விசில் என்று கேட்டதுமே என் முதுகில் சிலிர்த்துவிட்டது. யாருடைய பல் என்று கேட்கவில்லை. கேட்கவேண்டுமா?

ஷாம்புவின் வாய் என் மேஜைமேல்!

மார்ச் 11, செவ்வாய்

அச்சில் ஊற்றிய மாவு காய்ந்து, அவள் பல்வரிசையின் மாதிரி கைக்கு வந்தது. வெள்ளை மாவில் பார்த்தாலும் அழகான பல்தான், பொறாமையாக இருந்தது. முன்பல் ரெண்டுக்கும் நடுவே, ஈறு ஓரத்தில், சின்னதாக ஒரு மேடு. மாவில் காற்றுக் குமிழ். "என்னண்ணே, இவ்வளவு முக்கியமான வேலையில போய்க் கோட்டை விட்டுட்டீங்களே" என்றேன். மாவு அண்ணன் மூக்கை உறிஞ்சினார். கத்தியை வைத்து நானே சுரண்டி வழவழப்பாக்கிவிட்டேன்.

சந்தின் அளவுக்கு எனக்குப் படம் எதற்கு? மேடைப் படகுக்காரியின் பல்லைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செதுக்குவேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்த பல். மேலே ஒடுங்கி, கீழே விரிந்து, நட்டநடுவில். அப்படியே செய்தேன். மெருகு போட்டதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது. இதை அக்காவிடம் காட்டமுடியாதா? ஒரே ஒரு நிமிஷம்?

மார்ச் 19, புதன்

உறை உடைந்து திரும்பி வந்துவிட்டது. "வாய்ல ஒழுங்கா உக்காரல. 'ச' வர்ற இடத்துல எல்லாம் புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து போகுது, பாம்பு பேசுற மாதிரி இருக்கு" என்கிறார் டாக்டரம்மா. விசில்? வரவே இல்லையாம்.

அவளுக்கு அடிக்கத் தெரியவில்லை, என் உறைமேல் பழி. வேறென்ன.

மார்ச் 23, ஞாயிறு

என் பல்லுக்கே அச்செடுத்து எனக்கு ஒரு உறை செய்துகொண்டேன். அடித்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு ஊதினேன். ஊதினேன், ஊதினேன், தலை சுற்றியது. கடைசியில் வந்தது, ஒன்றல்ல, மூன்று. கீச்சென்று, அணில் மாதிரி.

வெளியிலிருந்து இவர் குரல்: "அடுப்புல குக்கர் வச்சிருக்கியா? மூணு விசில் ஆச்சு, அணைக்கவா?"

ஏப்ரல் 4, வெள்ளி

இரண்டாவதும் உடைந்தது. அதே இடத்தில்.

ஏப்ரல் 17, வியாழன்

மூன்றாவது. அதே இடத்தில்தான் விரிசல். ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

உறையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நாக்கு படுகிற இடத்தில் என் மெருகெல்லாம் போய், தேய்ந்து, மங்கிக் கிடக்கிறது. கீழ் விளிம்பில் கடித்த தடம், அதற்குமேல் கடித்த தடம். பத்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு பொருளை வாயில் வைத்திருந்தவர்கள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று அந்தப் பொருளே சொல்லிவிடும். போனால் போகிறது என்று மாட்டிக் கழற்றுகிறவள் வாயில் இப்படித் தேயாது. இந்தப் பெண் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை விசில் அடித்துப் பார்த்திருக்கிறாள். ரெண்டு வாரத்துக்குள் இவ்வளவு தேய்மானம். எனக்குப் பத்து நிமிஷத்தில் தலை சுற்றியதே.

தொண்டையைத் திறக்கவேண்டும் என்று நான் போட்டது ஞாபகம் வந்தது. அழிக்கலாம் என்று போனில் தேடினேன். நூறு பேர் எடுத்துப் பரப்பியிருக்கிறார்கள். இனி என்னத்தை அழிப்பது.

ஏப்ரல் 21, திங்கள்

நான் ஒரு முட்டாள். முழு முட்டாள்!

நாலாவது உறைக்குப் புதிதாக அச்சு வந்தது. மாவு அண்ணன் ஊற்றி, காயவைத்து, என் மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். ஈறு ஓரத்தில் அதே மேடு. "என் மாவு ரெண்டு தடவையும் ஒரே இடத்துலயாம்மா பொங்கும்?" என்றார்.

குமிழ் இல்லை. அது பல்லிலேயே இருக்கிறது. நான் சுரண்டித் தள்ளிய மேடு அவள் வாயில் இருக்கிறது, அதன்மேல் போய் இடித்துத்தான் ஒவ்வொரு உறையும் உடைந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடைப்பு! ரெண்டு முன்பல்லின் ஓரத்திலும் பல் நிறப் பசை வைத்து அடைத்த விளிம்பு. நல்ல கைவேலை, ஈறு ஓரத்தில் மட்டும் ஒரு நூல் பசை பிதுங்கி மேடாகிவிட்டது. அவ்வளவு பசை அங்கே எதற்கு? நடுவில் இடம் இருந்திருக்கிறது, அதற்குத்தான்.

அவளுக்கே சந்து இருந்திருக்கிறது. சொந்தச் சந்து!

எனக்கு ஏன் அன்றைக்கே தெரியவில்லை? நான் அவள் பல்லையே பார்க்கவில்லை. மேடைப் படகுக்காரியின் பல்லை மனசில் வைத்துக்கொண்டு, அதற்கு இடைஞ்சலாக இருந்ததையெல்லாம் சுரண்டினேன். மாவு அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "டீ வாங்கிக் குடு, போதும்" என்றார்.

உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

டாக்டரம்மா சொன்னது. சின்ன உடைசலை அடைத்தது என்றுதான் அவரும் நினைத்திருந்தாராம். கேட்டதும் அந்தப் பெண் முகம் சிவந்துபோனதாம். முதல் விளம்பரத்துக்கு முன்னால் அடைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அடைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தாளாம். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லையாம். "என் சந்தை அடைச்சு வச்சுட்டு, அதுக்குமேல இன்னொருத்தங்க சந்தை மாட்டிக்கிட்டா நான் ஊதிட்டு இருந்தேன்? எடுத்துடுங்க டாக்டர்."

எடுத்துவிட்டார்கள்.

இப்போது எனக்கு வேறு வேலை. விளம்பர ஒப்பந்தம் இன்னும் இருக்கிறதாம், வெளியே போகும்போது சந்தை மூடிக்கொள்ள ஒரு சின்னப் பல் துண்டு வேண்டும். சந்து செய்யக் கூப்பிட்டார்கள், அடைப்பு செய்கிறேன்.

புது மாதிரி வந்ததும் பார்த்தேன். ஒடுக்கமான சந்து. கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. எங்கள் படகுக்காரியின் சந்து மாதிரி இல்லவே இல்லை. விசில் வருகிறதா என்று கேட்டேன். "எடுத்த அன்னைக்கே வந்துடுச்சு. என் கிளினிக்ல காத்திருந்த ஆளெல்லாம் எழுந்து நின்னுட்டாங்க" என்றார் டாக்டரம்மா.

ஹா!

ஜூலை 12, சனி

போஸ்டர் வந்துவிட்டது. படகு, பனி, சிரிக்கிற முகம், சந்து. எனக்குப் பார்த்ததும் கை தட்டத் தோன்றியது. குழுவைத் திறந்தேன், மூடிவிடலாம் போல இருந்தது.

"சந்தைப் பாருங்க, இடப்பக்கம் கோணிக்கிட்டு." "கம்ப்யூட்டர்ல வரைஞ்சிருக்காங்க." "எந்தப் பல் செட்டுக்காரன் செஞ்சானோ, அவன் கையை உடைக்கணும்." கடைசியாகச் சொன்னது அக்கா. பல்லைப் பெரிசாக்கி, கோடு போட்டு, பக்கத்தில் மேடைப் படகுக்காரியின் பல்லையும் வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறாள். ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித்தருகிற மாதிரி அம்புக்குறியெல்லாம் போட்டு.

சாயங்காலம் நேரிலேயே வந்துவிட்டாள். "நீ சொல்லு. நீ இந்தத் தொழில்ல இருக்கறவ. இது போலிதானே?"

"பார்த்தா நிஜம் மாதிரிதான் இருக்குக்கா."

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டாள். மென்று விழுங்கினேன், சாப்பாட்டை இல்லை.

ஜூலை 14, திங்கள்

அக்கா குழுவில் போட்டிருக்கிறாள்: "என் தங்கச்சி பல் லேப்ல வேலை பாக்கறா. அவளே போலின்னு சொல்லிட்டா."

நான் எப்படி சொன்னேன்? எப்ப சொன்னேன்? என் வாய்ல வராததை எழுதி அத்தனை பேருக்கும் அனுப்பியிருக்கா. டாக்டரம்மா கண்ணுல பட்டா என் வேலை என்ன ஆகும்? போன் போட்டுக் கேட்டேன். "ஒரு வேகத்துல போட்டுட்டேன், அதுக்கென்ன இப்ப?" அதுக்கென்னவா? "நீ முதல் விசில் அடிச்சதும் இப்படித்தான், ஒரு வேகத்துல நீயே சொல்லிக்கிட்டதுதானே?"ன்னு கேட்டுட்டேன்.

வெச்சுட்டா.

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. அதை மட்டும் சொல்லியிருக்கக்கூடாது.

ஜூலை 27, ஞாயிறு

இன்னும் பேசவில்லை. குழுவில் போட்டிருந்ததை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

இவர் நடுவில் புகுந்து அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டார். என்னிடம் கேட்காமல். வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் தூக்கி வைத்துக்கொண்டேன். இவர், "ரெண்டு பேரும் எந்த மாடிக்குப் போகணும்னு சொன்னா நான் பட்டனை அமுக்குவேன்" என்றார். முதலில் சிரித்தது அக்காதான். இதை நான் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

பாத்திரம் கழுவும்போது மெதுவாகச் சொன்னாள். "எனக்கு அந்தப் பொண்ணு மேல கோவம் இல்லடி. அரங்கத்துல அந்த விசில் அடிச்சா எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? நாள் முழுக்க கிளட்ச்சு, பிரேக்குன்னு கத்துறேன், எவனும் கேக்கறதில்ல. அங்க நான் ஒரு சத்தம் குடுத்தா ஒருத்தி கரை சேர்றா. படம் வந்துட்டா வழியில போறவன் வர்றவன் எல்லாம் பார்ப்பான். அதுல அக்கரை எங்க இருக்கு? திரைக்குக் காது இருக்கா? நாம அடிச்சா என்ன, அடிக்காட்டி என்ன? அவ பாட்டுக்குப் பாடிட்டுப் போயிடுவா."

அவள் கையிலிருந்த தட்டை வாங்கித் துடைத்தேன். இவ்வளவு வருஷம் கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அவளுக்கு அது இப்படி என்று எனக்குத் தெரியாது. முதல் விசில் நீதான் என்று சொல்லிவிட்டேன். "அது ஊருக்கே தெரியும்" என்றாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வெள்ளிக்கிழமை படம். அக்கரைக்காரர்கள் முதல் காட்சிக்குத் தியேட்டரில் பாதியை மொத்தமாகப் பிடித்துவிட்டார்கள். சந்தோஷப்படலாம் என்று பார்த்தால் அக்காவின் உத்தரவு வந்தது. "அவள் விசில் அடிக்கும்போது நம்மில் ஒருவரும் பதில் அடிக்கக்கூடாது. நம் விசில் மேடைக்கு மட்டும்."

"அதுக்கு எதுக்கு டிக்கெட் வாங்கணும்? வீட்டுலயே அடிக்காம இருக்கலாமே" என்றார் இவர். அக்கா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "வராம இருந்தா யாருக்குத் தெரியும்? வந்து, உக்காந்து, அடிக்காம இருக்கணும். அப்பத்தான் உறைக்கும்."

அந்த விசிலுக்கு அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யாரிடமும் சொல்லமுடியாது. பாதி அரங்கம் கல் மாதிரி உட்கார்ந்திருக்கப் போகிறது. நான் அடிக்கலாம் என்றால் எனக்கு வருவது அணில் விசில்.

அக்டோபர் 3, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

அரைநாள் லீவு. அரங்க வாசலிலேயே பாதி அக்கரைக்காரர்கள், படகுக்காரி மாதிரி கழுத்தில் நீலத்துணி சுற்றிக்கொண்டு. எதிர்க்க வந்தவர்களுக்கு அலங்காரம் என்ன வேண்டிக்கிடக்கிறது? அக்காவும் சுற்றியிருந்தாள். எனக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தாள்.

முதல் பாட்டு. அவளே பாடுகிறாள்! வாயசைப்பு இல்லை, மூச்சு வாங்குவது கேட்கிறது. மேடைக் குரல் மாதிரி கணீரென்று இல்லை, கொஞ்சம் கம்மல். யாரோ பின்னால் "ம்க்கும்" என்றார்கள். இரண்டாவது பாட்டில் அந்த "ம்க்கும்" நின்றுவிட்டது. மூன்றாவதில் அக்கா கண்ணைத் துடைத்தாள். "ஏசி நேரா என் மூஞ்சிக்கே அடிக்குது" என்றாள். நானும் அதே ஏசிக்கு மூக்கைச் சிந்தினேன்.

அப்புறம் பனி. திரை முழுக்க வெள்ளை. படகு மறைந்தது, அவள் மறைந்தாள், துடுப்புச் சத்தமும் நின்றது. விசில்.

நிஜ விசில். எனக்குத் தெரியும், அந்தச் சந்து வழியாக மட்டும்தான் அப்படி வரும், ஓரமாகச் சாய்ந்து, முடிவில் லேசாக உடைந்து. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. இசை இல்லை, பாட்டு இல்லை. வெள்ளைத் திரை. எங்களுக்கு இடம் விட்டிருக்கிறார்கள்!

யாரும் அடிக்கவில்லை.

ஐயோ, அந்த அமைதி. பதினோரு வருஷத்தில் அந்த இடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. நான் உதட்டைக் குவித்தேன், காற்றுதான் வந்தது. வாயெல்லாம் உலர்ந்துவிட்டது. அக்கா நாற்காலிக் கைப்பிடியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் மறுபடி விசில் அடித்தாள்.

இரண்டாவது விசில்! நாடகத்தில் அது கிடையாது. மேடையில் யாரும் அவளை இரண்டாவது முறை கேட்க விட்டதில்லையே. முதலாவதைவிடச் சின்னது. பயந்த விசில்.

"அய்யய்யோ, பாவம்டி, அவளுக்கு யாரும் பதில் சொல்லலையே!" அக்காதான். அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி. உத்தரவு போட்டதே தான்தான் என்பது சுத்தமாக மறந்துபோய், யாரோ கவனிக்காமல் விட்டுவிட்ட மாதிரி எங்கள் எல்லாரையும் திரும்பிப் பார்த்து முறைத்தாள். அப்புறம் ரெண்டு விரல் வாய்க்குப் போனது.

லாரி நிறுத்துகிற விசில். அடுத்த நொடி இடமிருந்து, வலமிருந்து, பின்னாலிருந்து, மாடியிலிருந்து, என் காதே அடைத்துவிட்டது. நான் கத்தினேன். விசில் வராதவள் வேறென்ன செய்வேன், "இங்க! இங்க!" என்று கத்தினேன். திரையில் பனிக்குள்ளிருந்து படகின் மூக்கு எங்களைப் பார்த்துத் திரும்பியது. பாட்டை எடுத்தாள்.

இடைவேளையில் அக்காவைச் சுற்றிக் கூட்டம். "நீங்கதானே அடிக்கக்கூடாதுன்னு சொன்னீங்க?" அக்கா தோளைக் குலுக்கினாள். "நான் எங்க அடிச்சேன்? கை தானாப் போச்சு."

அக்டோபர் 5, ஞாயிறு

இவர் டிவி முன்னாலிருந்து கூப்பிட்டார். "உன் ஷாம்பு வந்திருக்கா பாரு." ஓடினேன். பேட்டி எடுக்கிறவர் சிரித்துக்கொண்டே, அந்தச் சந்து எப்படிச் செய்தார்கள் என்று கேட்டார். அவள் இரண்டு விரலை வாயில் விட்டு, என் பல் துண்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "செஞ்சது இதுதான். சந்து என்னோடது." சிரித்தாள். ஊதினாள்.

என் வேலை! டிவியில்! கேமரா பக்கத்தில் போய்க் காட்டியது. மெருகு நன்றாகத்தான் இருந்தது.

போன் அலறியது. "ஏய்! பாத்தியா? நிஜச் சந்துடி அது! நிஜம்!"

"அப்படியாக்கா?" என்றேன், என்னால் முடிந்த அளவுக்கு ஆச்சரியமாக.

என் ஆச்சரியத்தை அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். "அடிப்பாவி" என்றாள் மெதுவாக. "உனக்குத் தெரியும். உனக்கு முன்னாடியே தெரியும்." அப்புறம் ஒரே கத்தல், நடுவில் சிரிப்பு, மறுபடி கத்தல். படம்தான் வந்துவிட்டதே, சொல்லிவிட்டேன், மாவு மேட்டிலிருந்து எல்லாவற்றையும். கையை உடைக்கவேண்டும் என்று அவள் போட்ட பல் செட்டுக்காரி நான்தான் என்பதையும். "உன் கையை நான் இன்னமும் உடைக்கணும்டி, எங்கிட்ட மறைச்சதுக்கு" என்றாள். இவர் டிவியை அணைத்துவிட்டு, "அப்ப குக்கர் இல்லையா அது?" என்றார்.

அக்டோபர் 29, புதன்

அக்கா இன்றைக்கும் படத்துக்குப் போய்விட்டு, வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தனியாகத்தான் போனாளாம். சாதாரண நாள், மத்தியானக் காட்சி, அக்கரைக்காரர்கள் ஒருவரும் இல்லை. வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்தாள், தட்டில் வைத்த முறுக்கைத் தொடக்கூட இல்லை. உடம்புக்கு என்ன என்று பயந்துவிட்டேன்.

"விசில் அடிச்சியா?"

"இல்ல."

"ஏங்க்கா?"

"விரலை வாய்க்குக் கொண்டு போனேன்டி. அதுக்குள்ள முன் வரிசையில ஒரு பொண்ணு அடிச்சுட்டா. அப்புறம் ஒரு பெரியவர். அப்புறம் எல்லாரும். யாருன்னே தெரியாது, நாடகத்தைப் பார்த்திருக்கவே மாட்டாங்க. யார் சொல்லிக் குடுத்ததுன்னும் தெரியல." தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன், குடித்தாள். "நான் விரலை எடுத்துட்டேன். சும்மா உக்காந்து கேட்டேன். இத்தனை வருஷத்துல நான் அதைக் கேட்டதே இல்ல தெரியுமா? நான்தான் அடிச்சுக்கிட்டே இருந்தேனே."

நல்லா இருந்துச்சா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். அப்புறம் நாளைக்கு என்னால் எத்தனை மணிக்கு லேபிலிருந்து கிளம்பமுடியும் என்று விசாரித்தாள்.